காவல்துறை கக்கன் கையில் இருந்தபோது

சென்ற மாதம் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் பேச்சுப் போட்டி நடந்தது. தலைப்பு, தியாகி கக்கன். நடுவராக வரச் சொல்லி நம்மை அழைத்திருந்தார்கள். பதினோரு பிள்ளைகள் பேசினார்கள். எல்லோரும் நன்றாகவே பேசினார்கள். பதவி போன பிறகு அவர் பேருந்தில் போய் வந்ததைச் சொன்னார்கள். மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் படுத்திருந்ததைச் சொன்னார்கள். கடைசிவரை சொத்துச் சேர்க்காததைச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் கைதட்டல் எழுந்தது.

ஆனால் அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட, கக்கன் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் இந்த மாநிலத்தின் உள்துறை அமைச்சராக இருந்தார் என்பதை ஒரு வரிக்கு மேல் சொல்லவில்லை. பிள்ளைகள் மேல் குறை இல்லை. நாம் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். ஒரு தலித் தலைவரைப் பாராட்டும்போது அவர் எவ்வளவு எளிமையாக இருந்தார் என்று சொல்லி முடித்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம். அவர் கையில் என்ன அதிகாரம் இருந்தது, அந்த அதிகாரத்துக்கு என்ன நேர்ந்தது என்று நாம் கேட்பதில்லை. அதை இந்த வாரம் கேட்டுப் பார்ப்போம்.

மேலூரைத் தாண்டித் திருச்சி சாலையில் இருக்கிறது தும்பைப்பட்டி. அங்கே 1908 ஜூன் 18 அன்று கக்கன் பிறந்தார். தகப்பனார் ஊர்க் கோயில் பூசாரி. பறையர் சமூகத்துக் குடும்பம். சேரிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்து வாசலே தூரமாக இருந்த காலம் அது. அந்தத் தூரத்தைக் கடந்து படித்தார், காங்கிரஸ் இயக்கத்துக்குள் வந்தார். மதுரை அ. வைத்தியநாத ஐயரின் தொடர்பு அவர் வாழ்க்கையைத் திருப்பியது. 1938இல் ஆசிரியையான சொர்ணம் பார்வதியை மணந்தார்.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒரு சிறு குழுவை அழைத்துச் சென்றார். ஒடுக்கப்பட்ட சமூகத்தார் ஐவரும் நாடார் ஒருவரும் அதில் இருந்தார்கள். அந்த ஐவரில் ஒருவர் கக்கன். இன்றைக்குக் கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டுச் சாதாரணமாக உள்ளே போகிற பிள்ளைகளுக்கு அந்த நாளின் கனம் உடனே புரியாது. பூசாரி மகனாகப் பிறந்தும், அதுவரை அவர் பெரிய கோயிலின் கோபுரத்தை வெளியே நின்றுதான் கும்பிட முடிந்தது. 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இறங்கினார். காவல்துறை அவரைப் பிடித்துச் சிறைக்கு அனுப்பியது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் இதே துறைக்கு அவர் அமைச்சராகப் போகிறார்.

1946இல் அரசியல் நிர்ணய சபைக்கு உறுப்பினரானார். அம்பேத்கர் தலைமையில் வரைவு எழுதப்பட்ட அந்த நாட்களில், தும்பைப்பட்டிக்காரர் ஒருவரும் அந்த அவையில் இருந்தார். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவு அந்த அவையில்தான் ஏற்கப்பட்டது. 1952இல் மதுரையிலிருந்து மக்களவைக்குப் போனார். அவர் உறுப்பினராக இருந்த அந்த மக்களவைக் காலத்தில், 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நிறைவேறியது. கோயிலில், கிணற்றில், டீக்கடையில் தீண்டாமை பார்ப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை சிறியதுதான். ஆனாலும் தீண்டாமைக்குத் தண்டனை உண்டு என்று நாடு முழுமைக்குமாக எழுதிய சட்டம் அது. சட்டம் டெல்லியில் எழுதப்பட்டது. புகாரை வாங்க வேண்டியவர் ஊர்க் காவல் நிலையத்து ஏட்டையாதான். இந்த இடைவெளிதான் நம் கட்டுரையின் மையம்.

காமராஜர் முதலமைச்சரானபோது விட்ட தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பொறுப்பு கக்கனுக்கு வந்தது. 1957 தேர்தலில் மேலூரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். அந்த ஏப்ரலில் காமராஜர் அமைச்சரவையில் இடம் கிடைத்தது. பொதுப்பணியும் அரிசன நலமும் அவர் பொறுப்பு. வைகை அணை 1959இல் திறக்கப்பட்டபோது பொதுப்பணித்துறை அமைச்சர் அவர்தான். தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல்களில் நம் சனத்துக்குச் சொந்தமானது எத்தனை என்பது வேறு கேள்வி. நாற்று நட்டதும் களை எடுத்ததும் நம்மவர்கள். பட்டா பெரும்பாலும் வேறு பெயரில் இருந்தது.

அவர் அமைச்சராகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் நடந்தது. இம்மானுவேல் சேகரன் அதில் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் அவர் கொல்லப்பட்டார். அப்போது அரிசன நலம் கக்கனிடம் இருந்தது. காவல்துறை அவரிடம் இல்லை. நலத்துறை அமைச்சரால் விடுதி கட்ட முடியும், உதவித்தொகை கொடுக்க முடியும், கிணறு வெட்டித் தர முடியும். உயிருக்குக் காவல் போட அவரால் உத்தரவிட முடியாது. விடுதியில் படித்து மேலே வந்த பிள்ளை ஊருக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை முடிவு செய்வது நலத்துறை அல்ல.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் 1963 அக்டோபர் 3ஆம் நாளின் பொருள் விளங்கும். காமராஜர் பதவி விலகி, பக்தவத்சலம் முதலமைச்சரானார். 1962 முதல் வேளாண்மை அமைச்சராக இருந்த கக்கனிடம் உள்துறை வந்தது.

மாணவர்களுக்காக இங்கே கொஞ்சம் நின்று விளக்குகிறோம். உள்துறை அமைச்சர் என்றால் நம்மில் பலருக்கும் டெல்லிதான் நினைவுக்கு வரும். வல்லபாய் பட்டேல் முதல் அந்த நாற்காலி பெரிய நாற்காலி. மத்திய ரிசர்வ் காவல் படை, எல்லைப் பாதுகாப்புப் படை, உளவுத்துறை ஆகியவை அங்கே வருகின்றன. ஆனால் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். பொது ஒழுங்கும் காவலும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது, உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் காவல் நிலையம் டெல்லிக்குக் கட்டுப்பட்டதல்ல. எஸ்.ஐ.யை மாற்றுவது, புகாரை வாங்கச் சொல்வது, ஊருக்குப் பாதுகாப்புப் போடுவது எல்லாம் மாநில அரசின் வேலை. நாட்டின் பாதுகாப்பை டெல்லி பார்த்துக்கொள்கிறது. சேரியின் பாதுகாப்பு மாநில உள்துறையின் கையில் இருக்கிறது.

காவல்காரரைக் கண்டால் ஒதுங்கி நின்ற சமூகம் நம்முடையது. ஆடு காணாமல் போனாலும் வாழைத்தார் காணாமல் போனாலும் முதலில் சேரிக்குள் நுழைந்தது அந்தக் காக்கிச் சட்டைதான். அப்படிப்பட்ட சமூகத்தில் பிறந்து, அந்தத் துறையால் ஒரு காலத்தில் சிறைக்கு அனுப்பப்பட்ட ஒருவருக்கு, மாநிலத்தின் காவலர்கள் எல்லோரும் விறைப்பாக நின்று வணக்கம் வைத்தார்கள். நலத்துறை மட்டும் தலித்துக்கு என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. தண்ணீர், விவசாயம், காவல் என்று மூன்று பெரிய துறைகளைத் தாங்கி அந்த வழக்கத்தைத் தாண்டியவர் கக்கன். எளிமைக் கதைகளுக்கு அடியில் இந்தச் செய்தி புதைந்து கிடக்கிறது.

அவர் காலத்தில், 1964இல், லஞ்ச ஒழிப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் தொடங்கப்பட்டது. இன்றும் இயங்குகிற அமைப்பு அது. உள்துறை அமைச்சரின் தம்பி காவல்துறை வேலைக்குத் தேர்வானபோது அண்ணனே அதைத் தடுத்தார் என்று ஒரு செய்தியும் இந்த வட்டாரத்தில் நெடுநாளாக வழங்கி வருகிறது. அவர் நேர்மையில் அவரை எதிர்த்தவர்களும் குறை சொன்னதில்லை.

இனி, பேச்சுப் போட்டிகளில் யாரும் தொடாத இடத்துக்கு வருகிறோம்.

1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே நாட்டின் ஆட்சிமொழியாக வேண்டும் என்ற நிலை வந்தது. தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜனவரி 25 அன்று மதுரையில் மூண்ட மோதல் மாநிலம் முழுக்கப் பரவியது. கக்கனின் சொந்த மாவட்டம் இது. 27ஆம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிப்ரவரியில் பொள்ளாச்சியிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. இராணுவமும் வரவழைக்கப்பட்டது. காவலர்களும் கொல்லப்பட்டார்கள். அரசுத் தரப்புக் கணக்கிலேயே இறந்தவர்கள் எழுபது பேர் அளவில் இருந்தார்கள். உண்மைக் கணக்கு அதைவிடப் பெரிது என்று அன்றே பேசப்பட்டது.

அப்போது உள்துறை அமைச்சர் கக்கன்.

இதை நாம் மறைக்கக் கூடாது. முதலமைச்சர் பக்தவத்சலம் உறுதியாக நின்றார், மத்திய அரசின் நெருக்கடி இருந்தது, அமைச்சரவை கூட்டாக முடிவெடுத்தது என்று எல்லாக் காரணங்களையும் அடுக்கலாம். அவை பொய்யும் அல்ல. ஆனால் துப்பாக்கி வெடித்த துறைக்கு ஓர் அமைச்சர் இருந்தார். மத்திய அமைச்சர்களான சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் அந்தப் பிப்ரவரியில் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். கக்கன் பதவியில் தொடர்ந்தார். லத்திக்கு முன்னால் நின்று பழகிய நாம், நம்மவர் பதவியில் இருந்தார் என்பதற்காகத் துப்பாக்கிச் சூட்டுக்கு நியாயம் பேசினால், நாளை நம் தெருவில் துப்பாக்கி வெடிக்கும்போது நமக்காகப் பேச யாரும் வர மாட்டார்கள்.

அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு தலித் காவல்துறை அமைச்சரானதால் காவல்துறை தலித்துகளுடையதாக மாறிவிடவில்லை. சட்டப் புத்தகம் வெள்ளைக்காரன் காலத்தது. 1859ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் வார்ப்பில் வந்த துறை அது. கூட்டத்தைக் கலைக்க அதற்குத் தெரியும். ஊர்ப் பெரிய மனிதர்களோடு அனுசரித்துப் போகவும் அதற்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தவர் மாறினார். நாற்காலிக்குக் கீழே இருந்த ஏற்பாடு மாறவில்லை. கக்கனின் நேர்மை அவரைக் கறைபடாமல் காத்தது. துறையை மாற்ற ஒருவரின் நேர்மை போதவில்லை. கக்கன் வாழ்க்கை நமக்குத் தருகிற கசப்பான பாடம் இதுதான் என்று நினைக்கிறோம்.

1967 தேர்தலில் மக்கள் கணக்குத் தீர்த்தார்கள். தி.மு.க. 137 இடங்களில் வென்றது. காங்கிரசுக்கு 51. விருதுநகரில் காமராஜரை ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார். பக்தவத்சலமும் தோற்றார். மேலூர் தெற்கில் கக்கன் தோற்றார். அதன் பிறகு அவர் அமைச்சர் பதவிக்குத் திரும்பவே இல்லை.

இதற்குப் பிறகு வருவதுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. வீடில்லை, நிலமில்லை, வங்கியில் பணமில்லை. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, மதுரை அரசு மருத்துவமனைக்கு மதுரை முத்துவைப் பார்க்க வந்தார். அங்கே பொது வார்டில் கக்கன் இருப்பது தெரிந்து நேரில் போய்ப் பார்த்தார். அரசு உதவி பிறகு கிடைத்தது. 1981 டிசம்பர் 23 அன்று சென்னையில் கக்கன் காலமானார். 1999இல் மத்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. தும்பைப்பட்டியில் மணிமண்டபம் நிற்கிறது.

இந்த வறுமையை நாம் கொண்டாடுகிறோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவரோடு பதவியில் இருந்த நிலக்கிழார் வீட்டு அமைச்சருக்குப் பதவி போனால் திரும்பிப் போக வயல் இருந்தது, வீடு இருந்தது. கக்கனுக்குத் திரும்பிப் போகத் தும்பைப்பட்டிச் சேரிதான் இருந்தது. அவருடைய எளிமையில் பாதி அவருடைய குணம். மீதிப் பாதி, தலைமுறை தலைமுறையாகச் சொத்து சேர விடாமல் வைத்திருந்த சாதியின் வேலை. முதல் பாதியைப் புகழும்போது இரண்டாவது பாதியை மறந்துவிடக் கூடாது.

நம் பக்கத்துத் தவறையும் ஒத்துக்கொள்வோம். அம்பேத்கர் வழியில் வந்த இயக்கத்தார் பலர், கக்கனைக் காங்கிரசின் அரிசனத் தலைவர் என்று சொல்லித் தள்ளி வைத்தோம். காங்கிரஸ்காரர்கள் அவரைத் தியாகியாக்கிப் படத்துக்கு மாலை போட்டார்கள். ஒரு பக்கம் அவரை ஒதுக்கியது, இன்னொரு பக்கம் அவரைக் கும்பிட்டது. இரண்டு பக்கமும் அவருடைய ஆட்சிப் பொறுப்பை எடுத்துப் படிக்கவில்லை.

அவருக்குப் பிறகு டெல்லியில் இரண்டு தலித்துகள் உள்துறை அமைச்சரானார்கள். பஞ்சாபைச் சேர்ந்த பூட்டா சிங் 1986 முதல் 1989 வரை இருந்தார். மகாராஷ்டிரத்தின் சுசில்குமார் ஷிண்டே 2012 முதல் 2014 வரை இருந்தார். ஷிண்டே இளவயதில் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தவர். பூட்டா சிங் உள்துறையில் இருந்த காலத்தில்தான், 1989 செப்டம்பரில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. நம் மாநிலத்தில் காவல்துறை பிற்காலத்தில் பெரும்பாலும் முதலமைச்சர்களிடமே இருந்து வந்திருக்கிறது.

கக்கன் உள்துறையை விட்டுப் போய் முப்பது ஆண்டுகள் ஆனபோது, அவர் பிறந்த அதே மேலூர் வட்டத்தில் மேலவளவு நடந்தது. ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பலத்த காவல் போட்டுத்தான் தேர்தலை நடத்தவே முடிந்தது. வென்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும் வழியில், தன்னோடு வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். உள்துறை அமைச்சரைத் தந்த மண்ணில், ஓர் ஊராட்சித் தலைவர் உயிரோடு வீடு திரும்ப முடியவில்லை.

அதனால் பிள்ளைகளே, கக்கனைப் பற்றிப் பேசும்போது பேருந்தையும் பொது வார்டையும் சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள். கக்கன் காலத்தில் நமக்கு இருந்தது ஆறு மாதச் சிறையும் ஐந்நூறு ரூபாய் அபராதமும் சொன்ன சட்டம். இன்றைக்கு இருப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1995ஆம் ஆண்டு விதிகளும். அந்த விதிகளின்படி, வன்கொடுமை வழக்கைப் புலனாய்வு செய்பவர் டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். கடமை தவறும் அரசு ஊழியர் மேல், பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராதவராக இருந்தால், இந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவிலேயே வழக்குப் போட முடியும். மாநில அளவில் முதலமைச்சர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. உள்துறை அமைச்சர் அதில் உறுப்பினர். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அது கூட வேண்டும். மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும்.

நம் மாவட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது, எத்தனை வழக்குகளைப் பார்த்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு யாரும் கேட்கலாம். பத்தாம் வகுப்பு படித்தவர் எழுதக்கூடிய மனுதான் அது. தனி ஒருவராகக் கக்கன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கீழே இருந்து கேள்வி கேட்க இப்படியொரு விதி கிடையாது. இன்றைக்கு விதி இருக்கிறது. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

அடுத்த முறை தும்பைப்பட்டி வழியாகப் போகும்போது மணிமண்டபத்தில் இறங்கி ஒரு நிமிடம் நில்லுங்கள். மாலை போடுவது உங்கள் விருப்பம். அங்கிருந்து மேலூர் திரும்பியதும், அந்த மனுவை எழுதித் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.